நாலு மணி நேரம் என்று சொன்னது நான்தான்

அய்யா இறந்த அன்று காலையில் அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி எத்தன மணிக்கு வருவான்?"

துபாய்க்கு எவ்வளவு நேரம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வீட்டுக்கு ஒருத்தர் அங்கே இருக்கிறார்கள். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "நாலு மணி நேரந்தாம்மா."

அய்யா போனது காலை ஆறு மணிக்கு. அம்மாவுக்கு எழுத்து கம்மி, கணக்கு நன்றாக வரும். ஆறோடு நாலைக் கூட்டிப் பத்து என்று மனதில் வைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கெல்லாம் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டு, தம்பி வந்ததும் குளிக்க இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவள் எழுந்து திண்ணைக்கு வந்து, திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டைப் பார்த்தபடி தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தம்பி வந்து சேர்ந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. முழுசாக இருபத்து நாலு மணி நேரம். அதில் அவன் வானத்தில் இருந்தது நான் சொன்ன அந்த நாலு மணி நேரம் மட்டும்தான். மிச்சம் இருபது மணி நேரம் எங்கே போனது என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். தேடிக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்கும் இது ஒருநாள் தேவைப்படும்.

முதலில் தூரம். மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு ஆகாய வழியில் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூருக்குச் சுமார் 3,010. அதையே அருப்புக்கோட்டையில் நின்று அளந்தால் துபாய் 2,970, சிங்கப்பூர் 3,000. ஒரு முழ வித்தியாசம் என்றுதான் சொல்ல வேண்டும். தராசின் நடுமுள் மாதிரி இந்தக் கரிசல் காடு நிற்கிறது. மேற்கே ஒரு தட்டு, கிழக்கே ஒரு தட்டு.

என் தாத்தா தலைமுறைக்கு வெளிநாடு என்றால் கிழக்குதான். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் மலாயாக் கரையைப் பார்க்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எங்கள் தலைமுறைக்கு வெளிநாடு மேற்கே திரும்பிவிட்டது. தூரம் அதேதான். வாரமாக இருந்தது மணியாகச் சுருங்கியிருக்கிறது.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையம் ஆகாய வழியில் சுமார் 355 கிலோமீட்டர். சென்னை சுமார் 420. நம் தலைநகரைவிட அந்த நாட்டின் பெரிய ஊர் நமக்குப் பக்கம். மதுரையிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிய முதல் விமானம் கொழும்புக்குத்தான், 2012-ல்.

விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். நம் பக்கம் வந்து போகிற விமானங்கள் உச்சியில் மணிக்கு 830 கிலோமீட்டர் போல ஓடும். ஏறுவதிலும் இறங்குவதிலும் ஓடுபாதையில் ஊர்வதிலும் போகிற நேரத்துக்குத்தான் அந்த அரை மணி. துபாய்க்கு இப்படிப் போட்டால் நாலே கால் மணி நேரம் வரும். டெல்லிக்கு 2,085 கிலோமீட்டர், மூன்று மணிக்குக் கொஞ்சம் கூட. சென்னை மாதிரிக் கிட்டத்து ஊருக்கு மட்டும் கணக்கு இடிக்கும். உச்சி வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவதால் இன்னும் கால் மணி ஆகும்.

டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் கடிகார வித்தியாசத்தை மறக்கக்கூடாது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். மதுரையில் பகல் பன்னிரண்டுக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால் துபாயில் இறங்கும்போது அங்கே மணி இரண்டரை. துபாயில் பன்னிரண்டுக்கு ஏறினால் மதுரையில் ஐந்தரை. ஒரே தூரத்தைத் தாள் ஒரு பக்கம் இரண்டரை மணி என்றும் மறுபக்கம் ஐந்தரை மணி என்றும் காட்டும். எங்கள் சித்தப்பா ஒருமுறை, போகிற விமானம் வேகமாகப் போய்விட்டு வரும்போது மெதுவாக வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் நினைத்ததிலும் ஓரளவு உண்மை உண்டு. அதற்குக் காரணம் காற்று.

அய்யா இறந்தது ஆடி முதல் வாரம். எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அந்த மண்ணில் இருப்பவர்களுக்குத் தெரியும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறும் கையோடு மேற்கேயிருந்து வரும். கண்மாயின் காய்ந்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் போடும். அன்று பந்தலுக்குக் கட்டின தார்ப்பாயை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காற்று மேற்கிலிருந்துதானே அடிக்கிறது, விமானத்தைச் சீக்கிரம் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மேலே நடப்பது நேர் எதிர். அந்த மாதங்களில் தென்னிந்தியாவின் தலைக்கு மேலே, பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அது இருப்பதை 1950-களில் கண்டு உலகத்துக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம். விமானம் பறப்பது அந்த ஆற்றின் அடிப்பக்கத்தில். ஆடியில் துபாய்க்குப் போகிறவனுக்கு அது முதுகில் அடிக்கும், ஊருக்கு வருகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். மார்கழி, தையில் வளைகுடாப் பக்கம் மேற்குக்காற்று பலமாக இருப்பதால் வருகிறவனுக்குச் சாதகம். இதனால் கூடுவதும் குறைவதும் நிமிடக் கணக்குதான். தம்பியின் இருபது மணி நேரத்தைக் காற்று விழுங்கவில்லை.

விழுங்கியது எது என்று அவனையே உட்காரவைத்து ஒவ்வொரு மணியாகக் கேட்டேன்.

நம் மணிக்கு ஆறரை இருக்கும்போது நான் போன் பண்ணினேன். அங்கே ஐந்து, இருட்டு. அவன் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டமேதான். ஆனாலும் இருந்தது. அலுவலகம் திறக்க எட்டு மணி, ஆள் வந்து அலமாரியைத் திறந்து கையெழுத்து வாங்கிக் கொடுக்கப் பத்து. நம் கடிகாரத்தில் பதினொன்றரை. அம்மா எடுத்து வைக்கச் சொன்ன தண்ணீர் அப்போதே வெயிலில் சுட்டிருந்தது. அவன் இன்னும் துபாயைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

மதுரைக்கு நேராக வருகிற விமானம் அன்று போய்விட்டது. அடுத்தது மறுநாள். இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் படுத்தவனுக்கு அதே திருச்சுழி ஒரு ராத்திரி தூரம். வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பாதிக் கணக்கு. எத்தனை தடவை ஓடுகிறது என்பதுதான் மறு பாதி. மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,285 மீட்டர். பெரிய விமானங்கள் நிறைந்த பாரத்தோடு நெடுந்தூரம் கிளம்ப அது பற்றாது. அதனால் சின்ன விமானங்கள்தான், அதுவும் ஊருக்கு ஒன்று இரண்டு என்று வந்து போகின்றன. ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று தெற்குச் சீமைக்காரர்கள் இத்தனை வருடமாகக் கேட்பது சொகுசுக்காக அல்ல. ஒரு கேதத்துக்கு வந்து சேர்வதற்கும் அது வேண்டியிருக்கிறது.

தம்பிக்குக் கிடைத்தது சென்னை விமானம். நம் மணிக்கு நாலுக்குக் கிளம்பி எட்டுக்கு இறங்கியது. நாலு மணி நேரம், நான் சொன்னபடியே. குடியேற்ற வரிசை முடிந்து வெளியே வர ஒன்பது. மதுரைக்கு அன்று வேறு விமானம் இல்லை. கார் பிடித்தான். திருச்சி, மதுரை, சுற்றுச்சாலை, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி. சுமார் ஐந்நூறு கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு நாலு மணி, ஐந்நூறுக்கு ஒன்பது மணி.

அந்த ஒன்பது மணி நேரமும் அம்மா திண்ணையில்தான் இருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பது என்று பெரியப்பா முடிவு பண்ணி, நீர்மாலைக்கு ஆட்கள்கூடத் தயாராகி, பிறகு "பிள்ள மொகத்தப் பாக்கட்டும்" என்று அவரே தள்ளிவைத்தார். விளக்கு வைத்தபின் எடுக்கக்கூடாது என்பதால் விடியும்வரை வைத்திருக்க வேண்டியதாயிற்று. அருப்புக்கோட்டையிலிருந்து பிரீசர் பெட்டி வந்தது. ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போனது. பெட்டியின் உறுமல் நின்றதும் எல்லோரும் சட்டென்று தலைதூக்கினோம், ஜெனரேட்டர் பிடித்து அது மறுபடி உறும ஆரம்பித்ததும் மூச்சு விட்டோம். கண்ணாடிக்கு உள்பக்கம் பனித்திவலை கட்டி அய்யாவின் முகம் மங்கிப்போகும். அம்மா எழுந்து வந்து முந்தானையால் வெளியே துடைப்பாள். ஈரம் உள்ளே இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் திண்ணைக்குப் போய்விடுவாள். ரோட்டில் கருவேல மரங்களுக்கு நடுவே ஒவ்வொரு வெளிச்சமாக வந்து, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து நின்றாள்.

நான் காலையிலேயே "நாளைக்குத்தாம்மா வர முடியும்" என்று சொல்லியிருந்தால் அவள் அந்தப் பகல் முழுவதும் அய்யா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ரோட்டைப் பார்த்திருக்க மாட்டாள். இதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அய்யா மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் முக்கால் ஏக்கர். பொழுது ஏறுவதற்குள் மொட்டு எடுத்துவிட வேண்டும். மல்லி சாயங்காலம் மலர்கிற பூ. காலையில் வெள்ளை ஏறிய, வாய் திறக்காத மொட்டாக எடுத்தால்தான் தூரம் தாங்கும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி என்பது மதுரை டவுனில் விளைவதல்ல, எங்களை மாதிரிச் சுற்றுவட்டாரக் காடுகளில் விளைவதுதான். அந்த மொட்டு வியாபாரி கைக்குப் போய், ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் அடங்கி, விமானம் ஏறும். "நம்ம பூ அங்க வருதாடா?" என்று அய்யா போனில் கேட்பார். துபாய் கராமாவில் ஒரு பூக்கடையில் பார்த்ததாகத் தம்பி சொன்னால் அன்றைக்கெல்லாம் அவர் முகம் மலர்ந்திருக்கும்.

காலையில் பறித்த மொட்டு மலர்வதற்குள் கடல் தாண்டுகிறது. தம்பியால் முடியவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பூவுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் இருக்கிறார். எந்த விமானம் எத்தனை மணிக்கு, மதுரையில் இடமில்லை என்றால் திருச்சியா, கொச்சியா, பெட்டி எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். பூவுக்கு நேரம் தெரிந்த ஆள் இருந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தரும் இல்லை.

தெரியாமல் போவதும் ஒரு தூரம்தான். அதற்கு எங்கள் திருச்சுழிக்காரர் ஒருவருடைய பயணமே சாட்சி. 1879 டிசம்பர் 30-ல் இங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர், பதினாறு வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அண்ணன் தன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு, 1896 ஆகஸ்ட் 29 அன்று ரயில் ஏறினார். வீட்டில் இருந்த பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு செய்திருந்தார். அவர் கிளம்பியபோது விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அட்லஸில் அந்தக் கோடு இல்லை. வண்டியில் பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கினார். கையில் மிஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட். அங்கிருந்து நடை, பசி, திருக்கோவிலூர்ப் பக்கம் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து வாங்கின நாலு ரூபாய். செப்டம்பர் 1 காலையில்தான் திருவண்ணாமலையில் இறங்கினார். ஆகாய வழியில் 275 கிலோமீட்டர் போல இருக்கிற தூரம், மூன்றாவது நாள் கழிந்து முடிந்தது. பழைய அட்லஸை நம்பியதால் சட்டைப்பையில் இருந்ததில் பெரும்பகுதி திண்டிவனம் டிக்கெட்டிலேயே போய்விட்டது.

அவர் போனது வேறு ஒரு தேட்டத்தில். அந்த நடையும் பசியும் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எங்கள் காரியத்துக்கு நேரம் பொருட்டு. அன்று என் கையில் இருந்ததும் ஒரு பழைய அட்லஸ்தான். அதில் இரண்டே ஊர், மதுரையும் சென்னையும்.

காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பிறகு நோட்டுப் போட்டு எழுதினேன். மதுரை விமான நிலையம் எங்களுக்குச் சுமார் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். திருச்சி சுமார் 180, மூன்று மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அங்கிருந்து விமானம் அதிகம். திருவனந்தபுரம் சுமார் 270, ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து வரும்போது ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் பிறகு பெரும்பாலும் நாலுவழிச்சாலைதான். சென்னை ஒன்பது மணி நேரம். அன்று மத்தியானம் துபாயிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவே இல்லை. பதற்றத்தில் எல்லோர் வாயிலும் வந்தது மதுரை, அது இல்லையென்றால் சென்னை.

உங்கள் வீட்டில் வெளியூர்ப் பிள்ளை இருந்தால் நாலு காரியம் சொல்லுவேன். பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கட்டும். உங்கள் வாசலிலிருந்து நாலு விமான நிலையத்துக்கும் கார் எவ்வளவு நேரம் என்று எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இருக்கிற நேரத்தோடு, முன்னால் மூன்று மணி நேரம், இறங்கியபின் ஒரு மணி நேரம் எப்போதும் கூட்டுங்கள். நாலாவது, பெரியவர்கள் "எத்தனை மணிக்கு" என்று கேட்டால் வாசலுக்கு வாசல் ஆகிற நேரத்தைச் சொல்லுங்கள். எங்கள் நோட்டுப்படி துபாய்க்கும் எங்கள் வாசலுக்கும் எல்லாம் கூடிவந்தால் பத்து மணி நேரம். கூடிவராவிட்டால் ஒரு நாள்.

அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையில் நெசவு செய்கிற என் மச்சான், மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள் என்பதால் ஓர் உலக உருண்டை வாங்கி வைத்திருக்கிறார். தறிநூல் ஒன்றை எடுத்து மதுரையில் ஒரு முனையை வைத்து, நியூயார்க் பக்கம் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். நூல் அரபிக்கடல் பக்கம் போகவில்லை. வடமேற்கே ஏறி, மத்திய ஆசியா, ருஷ்யா தாண்டி, ஐஸ்லாந்தை ஒட்டிப் போய் இறங்கியது. சுமார் 13,700 கிலோமீட்டர். தட்டை மேப்பில் வளைந்து தெரிகிற அதுதான் குறுக்குவழி. ஆனாலும் மதுரையிலிருந்து அப்படி நூல் பிடித்துப் பறக்கிற விமானம் எதுவும் இல்லை. எங்காவது இறங்கி, காத்திருந்து, மாறி, வாசலுக்கு வர ஒன்றரை நாள். மச்சான் அந்த நூலை அறுக்காமல் உருண்டையிலேயே சுற்றி வைத்திருக்கிறார்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்தான். டிக்கெட் போட்டதும் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா வாசலில் கோலப்பொடி சலித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. முன்பெல்லாம் எத்தன மணிக்கு என்று கேட்பாள். அன்று வேறு கேட்டாள்.

"எங்கய்யா எறங்குற? திருச்சியா, மதுரையா?"

"திருச்சிம்மா. காலைல நாலரைக்கு."

அவள் சல்லடையை நிறுத்திவிட்டு விரல் மடக்கினாள். "அப்ப ஒம்பதுக்கு மேலதான் வருவ. நான் பூ எடுத்துட்டு வந்துர்றேன்."